தெரியாது என்பது விசுவாசக் குறைவா?

விஞ்ஞானிகள் விடை காணாது திகைக்கும் ஓர் இடம் தென்பட்டால், "பார்த்தீர்களா, இங்கேதான் கடவுள் இருக்கிறார்" என்று சொல்லிவிட நம்மிற் பலருக்கு ஆசை. வாசகரே, இந்த ஆசை நல்லதுதானா? ஓர் உதாரணங் கொண்டு சிந்திப்போம்.

நமது பால்வீதிக்கு அயலில், சுமார் 4½ இலட்சம் ஒளியாண்டு தூரத்தில், போர்னாக்ஸ் என்னும் சிறிய உடுத்தொகுதி உண்டு. அதனுள்ளே, தேனடையை மொய்க்கும் தேனீக்களைப் போல விண்மீன்கள் நெருங்கியிருக்கும் கோளக் கொத்துக்கள் ஆறு இருக்கின்றன. 2014ஆம் ஆண்டு, ஆயிரங் கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதுடைய நான்கு கொத்துக்களை ஹபிள் தொலைகாட்டி மூலம் ஆராய்ந்தார்கள்.

ஒரு கொத்தின் விண்மீன்கள் யாவும் ஒரே முகிலில் ஒரே வேளையிற் பிறந்து ஒரே தன்மையுடையனவாய் இருக்கும் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. பால்வீதியின் கொத்துக்களில் அது பிழையென்று முன்னரே தெரிந்திருந்தது. போர்னாக்ஸிலும் அவ்வாறே: ஏறத்தாழப் பாதி விண்மீன்களில் நைதரசன் மிகுந்திருந்தது.

முதற் தலைமுறை வெளியிட்ட வாயுவிலிருந்து இரண்டாந் தலைமுறை பிறந்தது என்பது ஒரு விளக்கம். ஆனால் அந்த வாயு இத்தனை பிள்ளைகளுக்குப் போதாது. ஆகவே கொத்துக்கள் ஆதியிற் பத்து மடங்கு வரை பெரிதாயிருந்து, மூத்த விண்மீன்களிற் பெரும்பாலானவற்றை வெளியே இழந்திருக்க வேண்டும் என்றார்கள். பால்வீதி பெரியது; இழந்தவை அதற்குள் மறைந்தன எனலாம். போர்னாக்ஸ் சிறியது. அங்கே அத்தனை பழைய விண்மீன்கள் வெளியில் இல்லை! கணக்குப் பொருந்தவில்லை. எல்லாரும் ஏற்கும் விடை இன்னும் கிடைக்கவில்லை.

இந்த இடைவெளியில் நாம் கடவுளை வைக்கலாமா? வைத்தால், விடை கிடைக்கும் நாளில் நம் பிள்ளைகள் கடவுளும் போய்விட்டார் என்று எண்ணுவார்களே! விளங்காத பகுதி மட்டுமா அவருடையது? விளங்கிய பகுதியும் அவருடையதே. அண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதிய பெல்ஜியக் குரு ஜோர்ஜ் லெமேத்தர், தமது கொள்கை சமயக் கேள்விகளுக்குப் புறம்பானது என்றே கூறினார். 1957இல் வத்திக்கானிலேயே விண்மீன் வகைகள் பற்றி வானியலார் கூடி ஆராய்ந்தனர். உண்மையைத் தேடுவோர்க்குத் திருச்சபை திறந்துவிட்ட கதவு அது.

யோபு ஆகமத்தை எடுத்துப் பாருங்கள். அவருடைய நண்பர்கள் கடவுளுக்காக வாதாடினார்கள்; ஒவ்வொரு துன்பத்துக்கும் காரணம் கற்பித்தார்கள். முடிவிற் கடவுள் கோபித்தது அவர்கள்மேல். கடவுளின் பேரால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதும் பொய்ச்சாட்சியே.

விண்மீன்களை விடுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் செத்தவீட்டில் நாம் என்ன சொல்லுகிறோம்? "கடவுள் ஏதோ காரணமாகத்தான் எடுத்தார்" என்று, அந்தக் காரணத்தை அறிந்தவர்போற் பேசுகிறோம். அந்தச் சொல் அவளைத் தேற்றுமா, அல்லது கடவுள்மேற் கசப்பை உண்டாக்குமா? "ஏனென்று எனக்குத் தெரியாது, அம்மா" என்று சொல்லி அருகில் இருந்து அழுதால், அதில் விசுவாசக் குறைவு ஏது? இலாசருவின் கல்லறையருகே, எல்லாம் அறிந்த நம் ஆண்டவரும் விளக்கம் சொல்லி அமையாமல் கண்ணீர் விட்டாரல்லவா?