நரைத்த தந்தையின் கடமை

 

சென்ற பௌர்ணமியன்று பஞ்சசீலம் ஏற்று முடிந்த பின்னர், உபாசகர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு வயது 48. மணமாகிப் பல்லாண்டு கழித்து அண்மையில்தான் ஓர் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. "ஐயா, இவன் படித்து முடிக்கும்போது எனக்கு எழுபது ஆகிவிடும். அதுவரை இவ்வுடம்பு தாங்குமா? உடம்பு நிலையற்றது என்று ஓதிக்கொண்டே உடம்பைப் பேணுவது தம்மத்துக்கு ஒக்குமா?" என்றார்.

அன்று சுருங்கச் சொன்ன விடையை இன்று விரித்து எழுதுகிறோம். ஏனெனில் அக்கேள்வி அவருடையது மட்டுமன்று, நம்முடையதும் ஆகும்.

நாம் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லோம். பதினெட்டாம் வயதில் பெங்களூரில் ஒரு பஞ்சாலையில் கூலிக்குச் சேர்ந்து, அது மூடப்படும் வரை கார்டிங் பிரிவில் நின்றோம். தங்கையர் இருவரைக் கரையேற்றிய பிறகு 41-ஆம் வயதில் மணந்தோம். 46-ஆம் வயதில் மகள் பிறந்தாள். இன்று நமக்கு 56, அவளுக்குப் பத்து. ஆதலின் இங்கே எழுதுவது ஏட்டில் படித்தது மட்டுமன்று. பட்டுத் தெளிந்ததும் ஆகும்.

மகளை முதன்முதலாகப் பள்ளியில் விட்ட நாளில், வாசலில் நின்ற ஓர் அம்மையார் அவளைப் பார்த்து, "உன் தாத்தா நல்லவர் போலிருக்கிறாரே!" என்று அன்போடு சொன்னார். அவர்மேல் குற்றமில்லை. ஆயினும் அச்சொல் நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. வீடு திரும்பும் வழியிலேயே தலைமுடிக்குச் சாயம் வாங்கினோம். அத்தோடு நின்றோமா? பள்ளி விளையாட்டு விழாவில் பெற்றோருக்கான ஓட்டப் பந்தயத்தில், முப்பது வயது இளைஞரோடு போட்டியிட்டு ஓடினோம். பாதி வழியில் முழங்கால் பிசகி விழுந்தோம். மூன்று வாரம் படுக்கை.

படுக்கையில் கிடந்தபோது மனம் மறுபக்கம் சாய்ந்தது. "இனி நம்மால் ஆவது ஒன்றுமில்லை, மூப்பு வந்துவிட்டது, கம்மத்தின் பயன்" என்று சொல்லிக்கொண்டோம். கால் ஆறிய பின்னும் கயிற்றுக் கட்டிலை விட்டு எழவில்லை, பீடியும் கூடிற்று. ஒரு மாலை மகள் கையில் பந்தோடு வாசற்படிக்கு வந்தாள். கட்டிலில் கிடந்த நம்மைப் பார்த்தாள். ஒன்றும் கேளாமல் திரும்பிப் போய்ச் சுவரில் பந்தை எறிந்து தனியே விளையாடினாள். அக்குழந்தை வந்து அழைத்திருந்தால் ஏதேனும் சாக்குச் சொல்லியிருப்போம். அவள் கேளாமல் திரும்பியதே நமக்குப் போதனை ஆயிற்று.

தோழர்களே, இவ்விரு வழியும் ஒரே அறியாமையின் இரு கிளைகள் என்று அன்று உணர்ந்தோம். மூப்பை மறைப்பது ஒன்று. மூப்புக்கு அடிமையாவது மற்றொன்று. பகவான் மூவகைச் செருக்கைக் கண்டித்தார். இளமைச் செருக்கு, ஆரோக்கியச் செருக்கு, வாழ்வுச் செருக்கு என்பன அவை. சாயம் பூசியதும் பந்தயம் ஓடியதும் இளமைச் செருக்கன்றி வேறென்ன? ஆயின் செருக்கை விடுவதென்றால் முயற்சியை விடுவதென்று பொருளாகுமா? ஆகாது. சோணர் என்னும் பிக்கு பாதம் வெடித்துக் குருதி கசியும்வரை நடந்து தவம் செய்தார். பயன் காணாமல் மனம் தளர்ந்து, இல்லறத்துக்கே திரும்பிவிடலாமா என்று எண்ணினார். அவர் முன்பு யாழ் வாசிப்பவர் என்பதறிந்த பகவான், நரம்பை மிக இறுக்கினாலும் இசை பிறவாது, மிகத் தளர்த்தினாலும் பிறவாது என்பதை அவர் வாயாலேயே சொல்லுவித்து, முயற்சியும் அவ்வாறே என்று விளக்கினார். உடம்பைப் பேணுவதிலும் இல்லறத்தார்க்கு அதுவே அளவுகோல்.

உடம்பைப் பேணுதல் தம்மத்துக்கு மாறு என்பாரும் நம்மில் உளர். அவர்கள் கோசல மன்னர் பசேனதியின் கதையைக் கேட்கட்டும். அவர் பெருந்தீனிக்காரர். ஒரு நாள் வயிறு புடைக்க உண்டு மூச்சு வாங்கிக்கொண்டு பகவான்முன் வந்து அமர்ந்தார். பகவான் அவரை இகழவில்லை. விழிப்போடு அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும், மூப்பு மெல்ல வரும் என்னும் கருத்தமைந்த ஒரு பாட்டைச் சொன்னார். மன்னர் அதைச் சுதர்சனன் என்னும் இளைஞனுக்குக் கற்பித்து, தாம் உண்ணும்போதெல்லாம் ஓதச் செய்தார். நாளடைவில் உணவு குறைந்தது. உடல் இளைத்து நலம் பெற்றது. நமக்குப் பாட்டோதும் பணியாள் இல்லை. ஆயினும் இரண்டாம் முறை சோறு கேட்குமுன், "அப்பா, போதுமா?" என்று கேட்கும் வேலையை நம் மகள் தானே ஏற்றுக்கொண்டிருக்கிறாள்!

நடத்தலையும் பகவான் போற்றினார். உலாவி நடப்பதால் வரும் பயன் ஐந்து என்றார். நெடுவழி செல்ல வலிமை உண்டாகும், முயற்சிக்குத் திறன் பிறக்கும், நோய் குறையும், உண்டது செரிக்கும், அப்போது எய்திய மன ஒருமை நெடிது நிற்கும். இக்கால மருத்துவமும் இதற்கு இசைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வளர்ந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புச் செய்யவும், வாரம் இரு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யவும் கூறியிருக்கிறது. 65 வயது கடந்தவர்கள் வாரம் மூன்று நாளேனும் தடுமாறி விழாமல் காக்கும் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி வேகமாய் நடந்தால் 150 நிமிடம் நிறைவுறும். இதற்குக் காசு வேண்டுமோ?

"ஆயுள் முழுதும் ஆலையில் நின்று உழைத்தோமே, அது போதாதோ?" என்று நம் தொழிலாளத் தோழர்கள் கேட்பர். போதாது. ஆலை வேலை ஓர் உறுப்பைத் தேய்த்து, மற்றோர் உறுப்பை மறந்துவிடும் வேலை. பஞ்சுத் தூசியோ நெஞ்சில் தங்கியது. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகுவதைச் சளி என்றே நினைத்திருந்தோம். அது பருத்தித் தூசியால் வரும் நோயின் அடையாளம் என்பதைப் பின்னரே மருத்துவர் சொல்லி அறிந்தோம். ஆதலின் பழைய ஆலைத் தோழர்கள் மருத்துவரிடம் நெஞ்சைக் காட்டிய பின்னரே பயிற்சி தொடங்குக. பீடியை உடனே விடுக. மது ஐந்தாம் சீலத்தாலேயே விலக்கப்பட்டது; பிள்ளையுள்ள வீட்டில் அதற்கு இரட்டை விலக்கு.

நாம் செய்வது சிறிதே. விடியலில் மகளோடு அரைமணி நடை. நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்தல். பின்பு மூச்சைக் கவனித்துச் சிறிது நேரம் அமர்ந்திருத்தல். இளைஞராவதற்கு அன்று, மகள் பந்தோடு வரும்போது எழுந்து நிற்பதற்கே.

இவ்வளவு செய்தாலும் மூப்பு நில்லாது. எண்பது வயதில் பகவானே தம் உடம்பை வார்களால் கட்டி ஓட்டப்படும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டார். முதுகு நொந்தபோது சாரிபுத்தரைப் போதிக்கச் சொல்லிவிட்டுத் தாம் சாய்ந்து இளைப்பாறினார். முதுமையை அவர் மறைக்கவுமில்லை. அதற்கு அஞ்சிப் பணியை நிறுத்தவுமில்லை.

இனி உண்மையான அச்சத்துக்கு வருவோம். சில மாதங்களுக்கு முன் நடைக்குப் போகும் வழியில் மகள் கேட்டாள்: "அப்பா, நான் பெரியவள் ஆகும்போது நீங்கள் இருப்பீர்களா?" நான்காம் சீலம் ஏற்றவர் பொய் சொல்லலாகாது, பத்து வயதுக் குழந்தையை அச்சுறுத்தவும் ஆகாது. நா எழாமல் சற்றுத் தூரம் நடந்தோம். அப்போது நினைவுக்கு வந்தவர் நகுலமாதா.

பக்க நாட்டில் நகுலபிதா, நகுலமாதா என்னும் இல்லறத்தார் இருந்தனர். கணவர் கடும் நோயில் கிடந்தார். மனைவியார், மனக்கவலையோடு சாகாதீர் என்று அவரைத் தேற்றினார். தமக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், அதைக்கொண்டு பிள்ளைகளைக் காத்துக் குடும்பத்தை நடத்துவேன், சீலத்திலும் தம்மத்திலும் வழுவாது நிற்பேன் என்று ஒவ்வொன்றாய் உறுதி கூறினார். கவலை நீங்கவே நோயும் நீங்கிற்று. அவர் கோலூன்றிப் பகவானைக் காணச் சென்றார். இத்தகைய இல்லாளைப் பெற்றது உமது பேறு என்று பகவான் அவரைப் பாராட்டினார்.

பஞ்சோடு வாழ்ந்த நமக்கு இக்கதை எவ்வளவு நெருக்கமானது! நம் இல்லாள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறார். அன்றிரவு மகள் உறங்கிய பின் நாம் இருவரும் அமர்ந்து, அதுவரை பேச அஞ்சியவற்றைப் பேசினோம். வங்கிக் கணக்கில் யார் பெயர் வாரிசாக இருக்கிறது, சேமநிதித் தாள்கள் எங்கே, நமக்கு ஏதேனும் நேர்ந்தால் படிப்புச் செலவுக்கு வழி என்ன என்பன அவை. பேசி முடித்தபோது நெஞ்சு இலேசாயிற்று.

நம் அண்ணல் அம்பேத்கரின் தந்தையாரை எண்ணிப் பாருங்கள். இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராய் இருந்தவர். 1891-இல் பிறந்த பீமராவ் அவருக்குப் பதினான்காவது குழந்தை. ஓய்வுபெற்ற முதியவர், மனைவியையும் இழந்தவர், பம்பாயில் ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேலில் ஒற்றை அறையில் குடியிருந்தார். மகனை முன்னிரவில் உறங்கவிட்டுத் தாம் விழித்திருந்து, இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கச் செய்தார். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது மணமான மகளிரிடம் நகை இரவல் பெற்று அடகு வைத்தார். 1913 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டு மகன் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டதையோ, 1956-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் தம்மத்தைத் தழுவியதையோ அத்தந்தை காணவில்லை. காணாததால் அவர் பணி குறைவுபட்டதா? மகன் தானே நிற்கும் வலிமையை முன்பே கொடுத்துவிட்டன்றோ போனார்!

சிகாலனுக்குப் போதித்தபோது, பெற்றோர் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியவை ஐந்து என்றார் பகவான். தீமையினின்று தடுத்தல், நன்மையில் நிறுத்தல், தொழில் கற்பித்தல், தக்க இடத்தில் மணம் செய்வித்தல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல் என்பன அவை. இவ்வைந்தில் நூறாண்டு உயிரோடிருத்தல் என்பது இல்லை. இளம் தந்தை நாளைக்கு என்று தள்ளிவைக்கலாம். நரைத்த தந்தைக்கு அவ்வுரிமை கிடையாது. ஒருவகையில் அதுவே நமக்குக் கிடைத்த நன்மை.

ஆதலின் அவ்வுபாசகருக்கும் அவரையொத்தோர்க்கும் நாம் சொல்லுவது இதுவே. உடம்பைப் பேணுங்கள், அது உமது பெருமைக்கன்று, குழந்தைக்குச் செலுத்தும் கடன். பேணியபின், அது நிலைக்கும் என்று நம்பி எதையும் ஒத்திப்போடாதீர்கள்.

மகளுக்கு நாம் சொன்ன விடை யாதெனில், "இருக்க முயல்கிறேன் அம்மா. அதற்காகத்தான் நடக்கிறோம். நான் இல்லாவிட்டாலும் அம்மா இருக்கிறாள், அத்தைமார் இருக்கிறார்கள், நீயும் நிற்கக் கற்றிருப்பாய்" என்பதே. அவள் சற்று யோசித்தாள். "அப்படியானால் நாளைக்கும் போகலாம்" என்றாள். மறுநாள் விடியுமுன் நம் செருப்பை எடுத்து வாசலில் வைத்திருந்தாள்.

எல்லா உயிரும் நலம் பெறுக. சாது! சாது! சாது!