கடலுக்கென்று செய்த கடிகாரம்

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோவளம் கடற்கரையில், அரபு நாட்டுச் சபர் முடித்துத் திரும்பிய நண்பர் ஒருவர் மீனவரோடு சேர்ந்து வலையிழுத்துக் கொண்டிருக்கக் கண்டோம். அவர் கையில் ரோலக்ஸ் சப்மரீனர் கடிகாரம். மாமல்லபுரத்தில் கல் வியாபாரம் செய்யும் அவர், கருங்கல் தூளிலும் அதைக் கழற்றுவதில்லை. எஃகில் கீறல்கள் விழுந்திருந்தன. செயற்கை நீலக்கல்லால் ஆன கண்ணாடியில் மட்டும் ஒன்றுமில்லை. இலட்சங்கள் கொடுத்து வாங்கியதை இப்படிப் பாழாக்கலாமா என்று உடன் வந்தோர் முகஞ்சுளித்தனர். பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் மெச்சியிருப்பார்கள் போலும்!

நாம் அதற்கு உடன்படவில்லை. நீர் புகாத கூட்டை 1926இல் அந்நிறுவனம் ஆக்கிச் சிப்பியின் பெயரைச் சூட்டியது. மறு ஆண்டு மெர்ஸிடீஸ் கிளைட்ஸ் என்னும் மங்கை அதை அணிந்து ஆங்கிலக் கால்வாயில் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். குளிர் தாங்காமல் அவரைப் படகில் ஏற்றினர், கடிகாரமோ ஓடிக்கொண்டிருந்தது. 1953இல் பிறந்த சப்மரீனர் இன்று 300 மீட்டர் ஆழம் தாங்குகிறது. அதன் வெளிவளையம் ஒரு பக்கமே திரும்பும். தவறி இடித்து நகர்ந்தாலும் மூழ்கியவருக்கு எஞ்சிய நேரத்தைக் குறைத்துக் காட்டுமேயன்றிக் கூட்டிக் காட்டாது. கையசைவே அதற்குச் சாவி. அலமாரியில் கிடந்தால் மூன்று நாளில் நின்றுவிடும். உழைப்புக்கென்று செய்த பொருளை உழைக்க விடுவது வீண்விரயமாகாது.

மார்க்கச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. ஆண்களுக்குப் பொன்தான் ஆகாது, எஃகு ஆகும். சொந்த உபயோகப் பொருளாதலால் ஜகாத்தும் இல்லை. ஒளுச் செய்கையில் பட்டையை நகர்த்தி அடியிலும் நீர் சேரச் செய்தால் போதும்.

ஆயினும் ஒன்று நிகழ்ந்தது. வலையின் மறுமுனையைப் பிடித்திருந்த முதியவர், "வாட்ச் நல்லா இருக்கே பாய், என்ன விலை?" என்றார்.

"பழசுதான் அண்ணே, ஏதோ கொஞ்சம்" என்றார் நண்பர்.

நமக்குச் சுருக்கென்றது. அலைக்கும் உப்புக்கும் அஞ்சாதவர், தம்மோடு வியர்வை சிந்திய மனிதரின் ஒரு கேள்விக்கு அஞ்சிவிட்டார். அடக்கத்தால் சொன்னது என்று சிலர் சமாதானம் கூறலாம். நாம் ஏற்கவில்லை, அது பொய். உண்மை விலையைச் சொல்லியிருந்தால் முதியவர் வியந்திருக்கலாம், உள்ளூரக் கசந்தும் இருக்கலாம். அந்தக் கசப்பைத் தாங்கும் பொறுப்பு அணிந்தவருடையது. சொல்லக் கூசும் விலையானால் வாங்குமுன்பே கூசியிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் இதை நண்பரிடமே சொன்னோம். அவர் மறுக்கவில்லை, கடிகாரத்தைக் கழற்றவும் இல்லை.