இன்னொரு சாவி

ஓசூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் ஊர் பார்க்க வந்து தங்குகிறவர்கள் குறைவு. சிப்காட்டில் இன்டர்வியூவுக்கு வந்த பையன், மெஷின் சர்வீஸுக்கு வந்த கோயம்புத்தூர்க்காரர், விடிந்ததும் ஜூஜுவாடி தாண்டி பெங்களூரு போக வேண்டியவர் என்று முன்பின் தெரியாதவர்கள் ஒரே வராந்தாவில் படுத்தெழும் இடம் அது. அவர்களுக்கு நடுவே இருப்பது ஒரு கதவும் ஒரு சாவியும்தான்.

அந்தப் பழைய சாவி எவ்வளவு காவல்? மறந்துபோய்ப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதென்று கனத்த பித்தளைத் தகட்டில் கோத்திருப்பார்கள். தகட்டில் லாட்ஜின் பெயர், ரூம் நம்பர். தொலைந்தால் எடுத்தவனுக்கு விலாசமும் சேர்ந்தே கிடைக்கும். கவுன்ட்டர் பலகையில் சாவி தொங்கினால் உள்ளே ஆள் இல்லை என்பது படியேறுகிற எல்லோருக்கும் தெரியும். நடைபாதையில் சாவி வெட்டுகிறவரிடம் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் நகல் தயார். விவரம் தெரிந்தவர்கள் பையிலேயே ஒரு திண்டுக்கல் பூட்டைக் கொண்டுவந்து வெளித்தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுப் போனது சும்மா இல்லை.

பெரிய ஓட்டல்களும் தப்பவில்லை. எல்லா அறைகளுக்கும் பொதுவாக மாஸ்டர் சாவி வைத்த பூட்டுகளில், ஒரே ஒரு அறையின் சாவியும் பூட்டும், சில வெற்றுச் சாவிகளும், ஓர் அரமும் போதும். மாஸ்டர் சாவியையே செய்துவிடலாம் என்று 2003இல் மேட் பிளேஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் விளக்கினார். அதற்கு முன்பே, 1970களில், நார்வேக்காரர் டோர் சோர்னஸ் ஆளுக்கு ஆள் குறியீடு மாறும் அட்டைச் சாவியைக் கொண்டுவந்திருந்தார். 2024இல் அட்டைச் சாவியின் குட்டும் வெளிப்பட்டது. சாஃப்லாக் வகைப் பூட்டு பொருத்திய கதவுகள் உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேல். காலாவதியான ஓர் அட்டை கையில் கிடைத்தாலே அந்த ஓட்டலின் எந்த அறையையும் திறக்க வழி உண்டு என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரும்பு போய் சிப் வந்தும் ஓட்டை அதே இடத்தில்தான்.

அது செய்தவனின் அசட்டையால் மட்டும் வந்த ஓட்டை இல்லை. தங்குகிறவரைத் தவிர வேறொருவரும் திறக்க முடிய வேண்டும் என்பதற்காகவே விட்டுவைத்த வழி. பெருக்க ரூம் பாய் வர வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்தவர் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தால், மேனேஜர் டிராயரிலிருந்து டூப்ளிகேட் சாவியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். திருடன் நுழைவதும் உதவி நுழைவதும் ஒரே துவாரத்தின் வழியாகத்தான்.

அறையில் நகலெடுக்கவே முடியாத பூட்டு ஒன்று உண்டு: உள்தாழ்ப்பாள். அதற்குச் சாவியே கிடையாது. நீண்ட நேரமாகக் கதவு திறக்கப்படாததால் உடைத்து உள்ளே சென்றனர் என்று லாட்ஜ் செய்திகள் நாளிதழில் வருவது அந்தத் தாழ்ப்பாளால்தான். நம்மைத் தவிர யாராலும் திறக்க முடியாத கதவு, திருடனோடு சேர்த்து மனிதரையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

வேற்றூரில் கண்மூடுகிறவர் பூட்டில் எத்தனை லீவர் என்று கேட்கலாம், தப்பில்லை. அதைவிட முக்கியம், இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எப்படிப்பட்டவர் என்பது.