வாங்குபவருக்கென விட்டுவைக்கும் இடம்

ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், அலமி போன்ற முகமைகளுக்குப் படம் அனுப்புவோர் பலருக்கும் பொதுவான மனக்குறை ஒன்று உண்டு. மணிக்கணக்கில் உட்கார்ந்து மெருகேற்றிய படம் திரும்பி வந்துவிடுகிறது. வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து அனுப்பிய படம் ஏற்கப்படுகிறது. படங்களைத் தேர்வுசெய்யும் முகமையின் பரிசோதகருக்கு ரசனை போதாது என்று முடிவுகட்டுவது எளிது. அவர் எதைப் பார்க்கிறார், யாருக்காகப் பார்க்கிறார் என்று பொறுமையாக ஆராய்ந்தால் அந்த முடிவு நிற்காது.

முதலில், அவர் பார்க்கும் அளவு வேறு. 24 மெகாபிக்ஸல் படத்தின் அகலம் ஏறத்தாழ 6000 புள்ளிகள். சாதாரணக் கணினித் திரையின் அகலம் 1920. ஆகவே நாம் திரையில் ரசிப்பது மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகச் சுருங்கிய படத்தை. பரிசோதகர் அதை முழு அளவில், நூறு சதவீதத்தில் திறக்கிறார். மலையுச்சியும் வானமும் சந்திக்கும் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுவது அப்போதுதான் தெரியும். கூர்மைப்படுத்தும் கருவிகள் ஒரு விளிம்பின் இருண்ட பக்கத்தை மேலும் இருட்டாக்கி, வெளிர்ந்த பக்கத்தை மேலும் வெளிறச் செய்தே கூர்மை என்ற உணர்வைத் தருகின்றன. அளவு மிஞ்சினால் அந்த வேறுபாடே கோடாகக் கண்ணில் படுகிறது. வண்ணத்திற்கும் இதே கதிதான். சிவப்புப் பட்டுப்புடவையின் மடிப்புகளில் சிவப்பின் மதிப்பு 225, 238, 250 என்று ஏறி இறங்குவதாகக் கொள்வோம். வண்ணச்செறிவைக் கூட்டக் கூட்ட மூன்றும் உச்ச வரம்பான 255இல் போய் முட்டுகின்றன. அதன்பின் அங்கே மடிப்பு கிடையாது. சிவப்புத் திட்டு ஒன்றுதான் மிஞ்சுகிறது. மென்பொருளில் அந்த ஸ்லைடரை நகர்த்தியவர் பொலிவைப் பார்த்தார். துணி காணாமல் போனதைக் கவனிக்கவில்லை.

இந்தச் சேதத்தின் ஊற்றுக்கண் கோப்பின் உள்ளே இருக்கிறது. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகள் மட்டுமே. கேமரா பதிந்தபடியே தரும் 12 பிட் ரா கோப்பில் 4096 படிகள், 14 பிட் கோப்பில் 16,384. ஆனால் இந்தப் படிகள் ஒளிக்கும் நிழலுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கேமராவின் உணரி ஒளியை நேர்விகிதத்தில் பதிவதால், 4096இல் பாதி, அதாவது 2048 படிகள், மிகவும் பிரகாசமான முதல் ஸ்டாப்பிற்கே (ஒளி பாதியாகக் குறையும் இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாப்) போய்விடுகின்றன. அடுத்ததற்கு 1024, பிறகு 512 என்று பாதி பாதியாகக் குறைந்து, ஆறாவது ஸ்டாப்பிற்கு 64 படிகளே எஞ்சுகின்றன. கரிய நிழலைக் கைதூக்கி வெளிச்சமாக்கும்போது இந்தச் சொற்பப் படிகளைத்தான் இழுத்து நீட்டுகிறோம். நாய்ஸ் பெருகுவதும் சருமம் திட்டுத்திட்டாக மாறுவதும் இதனால்தான். ஜேபெக்கில் எடுத்த மாலை வானத்தை இப்படி இழுத்தால் நீலம் சீராக மங்குவதற்குப் பதில் பட்டை பட்டையாகப் பிரியும். இங்கே ரசனையைப் பற்றிய வாதத்திற்கே இடமில்லை. கோப்பில் இல்லாத தகவலை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

சரி, 16 பிட்டில் வேலை செய்து, விளிம்புகளைப் பழுதின்றிக் காத்து, ஒரு குறையும் இல்லாமல் மிகையாக மாற்றிய படமாக இருந்தால்? இந்த விஷயத்தின் மையம் இந்தக் கேள்விதான் என்று கருதுகிறேன். முகமையில் படம் வாங்குபவர் அதை அப்படியே மாட்டி வைப்பதில்லை. அவர் ஒரு வடிவமைப்பாளர். மருத்துவமனைக் கையேட்டிற்கோ பத்திரிகை அட்டைக்கோ இணையதள முகப்பிற்கோ அது தேவைப்படுகிறது. அவர் வெட்டுவார், எழுத்தை ஏற்றுவார், நிறுவனத்தின் வண்ணத்திற்கு ஏற்ப நிறத்தைச் சாய்ப்பார். நான்கு மூலைகளையும் இருட்டாக்கிய படத்தின் இடது பாதியை மட்டும் அவர் வெட்டி எடுத்தால், இருட்டு ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நிழல்களில் நீலப்பச்சையும் சருமத்தில் ஆரஞ்சும் ஏற்றிய படம், அதே பக்கத்தில் வரும் மற்ற மூன்று படங்களோடு ஒட்டாது. திரையில் மின்னும் செறிந்த நிறங்கள் பலவற்றை அச்சு மைகளால் காட்டவே இயலாது. தாளில் அவை மங்கிப்போகும். மிதமான படத்தை அவர் தம் விருப்பப்படி மிகையாக்கலாம். மிகையாக்கிய படத்தை மிதமான நிலைக்குத் திருப்ப அவரால் முடியாது. ஸ்டாக் படம் பாதி வழியில் நிற்கும் பொருள். மீதி வழி வாங்குபவருடையது. அதையும் நாமே நடந்து முடித்துவிட்டால் அவர் கைக்கு வேலையில்லை.

இதனால் முகமைகள் திருத்தத்தையே வெறுக்கின்றன என்று கொள்ளக் கூடாது. வணிகப் பயன்பாட்டிற்கான படத்தில் சட்டையில் உள்ள வணிகச் சின்னம், பின்னணியில் தெரியும் கடைப்பெயர், காரின் எண் பலகை ஆகியவற்றை நீக்கச் சொல்வதே அவர்கள்தான். உணரியில் படிந்த தூசியின் கறையை அழிப்பதும், லென்ஸால் விளிம்புகளில் வரும் ஊதா நிறத்தை நீக்குவதும் கட்டாயம் செய்ய வேண்டியவை. சின்னத்தைத் தடமின்றி நீக்க ஒரு மணி நேரம் பிடிக்கலாம். அது பெரிய வேலைதான், ஆயினும் வரவேற்கப்படுகிறது. நிறச்சாயலை ஏற்ற ஒரு நொடி போதும்; ஆயினும் அதனால் படம் மறுக்கப்படலாம். ஆகவே அளவை வைத்து இதை அளப்பது தவறு. வாங்குபவரின் தடையை அகற்றும் திருத்தம் ஒரு வகை. அவர் செய்ய வேண்டிய தேர்வைத் தானே செய்துவிடும் மாற்றம் இன்னொரு வகை.

செய்திப் பயன்பாட்டிற்கு எனத் தரும் படங்களில் இந்த நியாயம் வேறு உருக்கொள்கிறது. அங்கே சின்னத்தைக்கூட அழிக்கக் கூடாது. கண்டது கண்டபடி இருக்க வேண்டும். 1982 பிப்ரவரி இதழின் செங்குத்தான அட்டைக்குப் பொருந்துவதற்காக, கிடைமட்டப் படம் ஒன்றில் இருந்த கீசா பிரமிடுகளை நேஷனல் ஜியாகிரஃபிக் மின்னணு முறையில் நெருக்கி வைத்தது. அதற்காக எழுந்த கண்டனம் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. 2006 ஆகஸ்டில், பெய்ரூட்டின் மேல் எழுந்த புகையைப் பிரதியெடுத்துப் பெருக்கிக் காட்டிய படம் வெளிவந்தபோது, அதை எடுத்த அட்னான் ஹஜ்ஜின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் விற்பனையிலிருந்து விலக்கியது. திருத்தப்பட்டதாகத் தெரிந்த படங்கள் இரண்டே. மற்றவற்றையும் யாராலும் நம்ப முடியாமல் போயிற்று. இந்த இழப்பைப் பிறகு எந்த விளக்கத்தாலும் ஈடுகட்ட இயலாது.

வணிகப் படத்திலும் உண்மையை மாற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை 2017 காட்டியது. மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி பிரான்சில் அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாள் முதல் கெட்டி இமேஜஸ் முகமை அத்தகைய படங்களைத் தன் வணிகத் தொகுப்பிற்கு ஏற்பதை நிறுத்தியது. முடியின் நிறத்தை மாற்றுவதற்கும் சரும வடுவை நீக்குவதற்கும் தடை இல்லை. இந்த வேறுபாடு நியாயமானது என்றே நினைக்கிறேன். வடு நாளை மறையக்கூடியது. இடுப்பெலும்பின் அகலம் அப்படியல்ல, அதைப் பார்த்துத் தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும் சிறுமிக்கு அது அடைய முடியாத அளவு.

மிகையாக மாற்றிய படத்திற்கு உரிய இடம் இல்லாமல் இல்லை. சுவரில் மாட்டும் அச்சுப்பிரதியை வாங்குபவர் முடிந்த படைப்பைத்தான் கேட்கிறார்; அங்கே இருண்ட மூலைகளும் அழுத்தமான நிறங்களும் கலைஞரின் உரிமை. ஒரே ரா கோப்பிலிருந்து இரண்டு பிரதிகளை உருவாக்கிக்கொள்ளலாம். மிதமானதை முகமைக்கும் மற்றதைக் கண்காட்சிக்கும் அனுப்பலாம். இரண்டையும் ஒருசேர முகமைக்கு அனுப்பினால் ஒத்த படங்கள் என்ற காரணத்தால் மறுப்பு வரக்கூடும். முகமைக்குப் போகும் பிரதியில் கூர்மைப்படுத்துவதை விட்டுவிடுங்கள். இறுதி அளவு தெரிந்தபின் அதை வாங்குபவர் செய்துகொள்வார்.