விடத் தெரிந்த வலிமை

ஒருவர் உயிர் நீத்ததும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் செய்வன யாவை? கண்களை மூடுவார்கள், தாடையைத் துணியால் கட்டுவார்கள், கை கால் மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டித் தளர்த்தி விடுவார்கள். தாமதித்தால் மய்யித்து விறைத்துவிடும். குளிப்பாட்டுவதும் கபனிடுவதும் கடினமாகிவிடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். ஆனால், முதலில் துவண்டு கிடக்கும் உடல் சில மணி நேரத்தில் ஏன் விறைக்க வேண்டும்? உயிரே போனபின் இந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது? இதற்கு நுண்ணோக்கி தரும் விடை, வலிமை என்பது எது என்னும் பழைய வினாவை நம்முன் மீண்டும் நிறுத்துகிறது.

நம் கை கால்களை அசைக்கும் தசையிழையை நுண்ணோக்கியில் நோக்கினால், வரிசை வரிசையாகக் குறுக்குக் கோடுகள் தெரியும். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 500-இல் ஒரு பங்கே நீளமுள்ள சிற்றறைகள் அவை. ஒவ்வொன்றிலும் மையோசின் என்னும் தடித்த இழைகளும் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் அடுக்கப்பட்டுள்ளன. தசை சுருங்கும்போது இவ்விழைகள் குறுகுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. இதனை 1954-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்கே ஆகிய இருவரும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் ஆகிய இருவரும் தனித்தனியே ஆய்ந்து வெளியிட்டனர். மையோசினின் நுண்ணிய தலைகள் ஆக்டினைப் பற்றுகின்றன, இழுக்கின்றன, விடுகின்றன, மீண்டும் பற்றுகின்றன. பற்றிய தலை பிடியை விட வேண்டுமானால், ஏ.டி.பி. என்னும் ஆற்றல் தரும் மூலக்கூறு ஒன்று புதிதாக வந்து சேர்ந்தாக வேண்டும். இறந்தபின் அது தீர்ந்து போகிறது; பற்றியவை பற்றியபடியே நின்றுவிடுகின்றன. அதுவே விறைப்பு! இறந்த தசை பிடியை இழந்ததன்று. பிடியை விடும் ஆற்றலை இழந்தது.

எலும்பும் இத்தகையதொரு பாடத்தையே சொல்கிறது. கல்லெனத் தோன்றும் அதனுள் இரத்தக் குழாய் ஓடும் கால்வாய்களும், அவற்றைச் சுற்றி வளையம் வளையமாக உயிரணுக்களும் உள்ளன. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. வேறொரு வகை அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. கரைக்கும் பணி நின்றுபோனால் எலும்பு மேலும் உறுதி பெறும் என்றா நினைக்கிறோம்? அப்படிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களின் எலும்பு பளிங்குபோல் அடர்ந்திருந்தும் எளிதில் முறிகிறது. குருதி ஊற வேண்டிய மச்சைக்கும் இடமில்லாது போகிறது. மாறாக, கரைப்பது மிகுந்து கட்டுவது குறைந்தால், முதுமையில் நாம் காணும் எலும்புத் தேய்மானம் நேர்கிறது. ஓரிடத்தைக் கரைக்கச் சில வாரங்கள் போதும். அதனை நிரப்பவோ பல மாதங்கள் வேண்டும்.

தசைக்கும் எலும்புக்கும் எண்ணமில்லை; அவற்றின் இயக்கம் நமக்கு ஒழுக்கச் சட்டமாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. உடலில் நடப்பதெல்லாம் அறம் எனில் நோயும் அறமாகிவிடும். ஆயினும், பிடித்ததை விடாமையே வலிமை என்று நாம் கொண்டுள்ள எண்ணத்தை, நம் உடலே மறுத்து நிற்கிறது என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். மல்லனை வீழ்த்துபவனைவிடச் சினத்தில் தன்னை அடக்குபவனே வலியவன் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறிவோம். அறிந்திருந்தும், பாகப் பிரிவினையில் ஒரு சுவருக்காகப் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பியர் நம் தெருக்களில் எத்தனை பேர்! முதலில் இறங்கிச் சென்று ஸலாம் சொல்பவன் தோற்றவன் என்றல்லவா அவர்கள் எண்ணுகிறார்கள்?

விடுவது மட்டும் போதாது என்பதையும் எலும்பு உணர்த்துகிறது. பகையைக் கரைத்த இடத்தில் உறவைக் கட்ட வேண்டும். "மன்னித்துவிட்டேன்" என்னும் சொல் ஒரு நொடியில் முடியும். போக்குவரத்தும் நம்பிக்கையும் திரும்ப மாதங்கள் ஆகும். அந்தப் பொறுமை இல்லாத மன்னிப்பு உள்ளீடற்ற எலும்பு போன்றது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் எழுந்து நின்று, "என் தந்தையார் யாருக்கேனும் தீங்கிழைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று வேண்டுவதைக் கேட்டிருக்கிறோம். கூடியிருப்போர் கண்கலங்கிப் பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் அவர் கை நீட்டிக்கொண்டு வரக்கூடிய காலம் கடந்துவிட்டது. நாமும் அவர் கையைப் பற்ற இயலாது. விரல்கள் விரியவும் மடங்கவும் வல்லனவாயிருக்கும் இந்நாள்களையன்றோ அல்லாஹ் நமக்கு அமானிதமாகத் தந்திருக்கிறான்!