உடலை எதனால் அளப்பது?

முன்னாளில் பெரிய இரயில் நிலையங்களில் எடை பார்க்கும் எந்திரம் ஒன்று நிற்கும். அதன்மேல் ஏறி நின்று காசு போட்டால் வண்ண விளக்குகள் சுழலும். சிறிய அட்டை ஒன்று வெளியே விழும். அதன் ஒருபுறம் நம் எடையும், மறுபுறம் நம் குணத்தையோ எதிர்காலத்தையோ கூறும் வாசகமும் அச்சாகியிருக்கும். வாசகத்தைப் படித்துச் சிரிப்போம். எடையை மட்டும் மெய்யென நம்பி அட்டையைப் பைக்குள் வைத்துக்கொள்வோம். ஓர் எண் நம்மைப் பற்றி எவ்வளவு சொல்ல வல்லது என்னும் ஐயம் அந்நாளில் நமக்கு எழவில்லை. எழுபது வயதைக் கடந்த பின்னரே எழுந்தது.

முழங்கால் வலிக்காக மருத்துவரை நாடியபோது, எடையைச் சிறிது குறைத்தால் மூட்டுகளின் சுமை குறையும் என்றார். நம் மகன் எடைக்கருவி ஒன்றை வாங்கி வந்து வைத்தான். நாள்தோறும் காலையில் அதன்மேல் ஏறி நிற்பது வழக்கமாயிற்று. அரைக் கிலோ குறைந்திருந்தால் முகம் மலரும்; கூடியிருந்தால் மருமகள் அன்போடு தரும் கஞ்சியும் கசக்கும்.

ஒரு சதுர்த்தசியன்று உபவாசம் இருந்தோம். மறுநாள் காலை, ஜினாலயம் செல்லுமுன்பே கால்கள் எடைக்கருவியைத் தேடிச் சென்றன. ஒன்றேகால் கிலோ குறைந்திருந்தது. மனம் துள்ளிற்று. அதைக் கண்டுகொண்டிருந்த கல்லூரி மாணவியான பேத்தி, "பாட்டி, உபவாசம் இருந்தால் எடை இவ்வளவு குறையுமா? நானும் இருக்கட்டுமா?" என்றாள். சில மாதங்களாகவே காலை உணவைத் தவிர்த்து, கண்ணாடி முன் நின்று கலங்குபவள் அவள். அவளைக் கடிந்துகொள்ள வாய் எழவில்லை. நாம் நோற்ற நோன்பு ஆன்மாவுக்காகவா, எடைக்கருவிக்காகவா என்னும் வினாவை அக்குழந்தை அறியாமலே கேட்டுவிட்டாள்.

முதலில் அந்த ஒன்றேகால் கிலோ யாது எனப் பார்ப்போம். எலும்பு, தசை, கொழுப்பு, குருதி, குடலில் தங்கிய உணவு, நீர் ஆகிய அனைத்தையும் எடைக்கருவி ஒன்றாகவே நிறுக்கிறது. வளர்ந்தவர்களின் எடை ஓரிரு நாளிலேயே 1 முதல் 2 கிலோ வரை ஏறி இறங்குவது இயல்பு. ஊறுகாயும் அப்பளமும் கூடுதலாக உண்டால், உப்போடு நீரும் உடலில் தங்கும். உண்ணாதிருந்தாலோ, கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து செலவாகும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு வைத்திருப்பதால், அந்நீரும் வெளியேறிவிடும். மீண்டும் உண்டதும் இரண்டும் திரும்பி வரும். ஈர நெல்லைக் களத்தில் காயவைத்தால் மூட்டையின் எடை குறையும். அதனால் நெல்மணி ஒன்றேனும் குறைந்ததாக எந்த உழவரும் எண்ணுவதில்லை. நாமோ நீர் வற்றியதைக் கண்டு கொழுப்பு கரைந்ததாக மகிழ்ந்தோம்.

மற்றொரு செய்தியும் உண்டு. 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடல்களையே சான்றாக்கிச் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் குறியீட்டெண் இருவருக்கும் 22.3 தான். ஆனால் உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு! ஒரே எண்ணுக்குள் இருவேறு உடல்கள். அவ்வாய்பாட்டை 19ஆம் நூற்றாண்டில் வகுத்த பெல்ஜிய நாட்டு அறிஞர் கெட்டலே, மக்கள் தொகுதிகளை ஆராயவே அதை வகுத்தார். தனியொருவரின் நலத்தை அறிய அன்று.

ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று: எதை அறிய விரும்புகிறோம் எனத் தெளிந்த பின்னரே வினாத்தாள் எழுத வேண்டும். ஒரு தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் குழந்தையை மதிப்பிடலாகாது என்று பெற்றோர் பலரிடம் வாதாடியிருக்கிறோம். அதே பிழையை நம் உடலுக்கே இழைத்தோமே! எடை குறைக்க விரும்பியது எதற்காக? முழங்காலுக்காக, மூச்சுக்காக, சர்க்கரை கட்டுக்குள் இருப்பதற்காக. எனில் அவற்றையன்றோ அளக்க வேண்டும்?

அளவுகள் எளியனவே. தையல் நாடாவைக் கீழ்விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி, இயல்பாக மூச்சை விட்டபின் அளக்கலாம். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் மேற்பட்டால் எச்சரிக்கை தேவை. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். கைகளை மார்பின் குறுக்கே வைத்து, நாற்காலியிலிருந்து 30 விநாடிகளில் எத்தனை முறை எழ முடிகிறது என எண்ணலாம். இது கால்களின் வலிமையைக் காட்டும். ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் கூறும் குருதிச் சோதனையும் உண்டு. பழைய இரவிக்கையின் கொக்கி எளிதில் மாட்டுவதும் ஒரு சான்றே.

எடைக்கருவியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. முயலாமலே எடை குறைந்தாலும், கால் வீக்கத்தோடு திடீரெனக் கூடினாலும் மருத்துவரிடம் செல்ல அதுவே தூண்டும். ஆனால் முதியோர் பட்டினி கிடந்து தசையை இழந்தாலும் அது எடைக்குறைவாகவே காட்டும். பருப்பு, பயறு, தயிர் ஆகியவற்றை ஒதுக்கி எலும்பும் தோலுமாவதற்கு அக்கருவி தரும் பாராட்டை நம்பலாகாது.

"எண் பொய் சொல்லாது, மனமோ தன்னையே ஏமாற்றும்" என்று சிலர் வாதிடக்கூடும். உண்மைதான். ஆதலால்தான் நாடாவும் நாற்காலியும் புறச்சான்றுகளாக வேண்டும் என்கிறோம். ஆயினும் எக்கருவிக்கும் எட்டாத அளவு ஒன்று உண்டு. புறத்தவம் ஆறனுள் இரண்டாவதாகிய அவமௌதரியம், வயிறு நிறையுமுன் உண்பதை நிறுத்துவது. இலையில் இனிப்பு எஞ்சியிருக்க, நா இன்னும் வேண்டுமெனக் கெஞ்ச, அமைதியாக எழுந்தோமா என்பதை உண்டவர் ஒருவரே அறிவார். எழுந்த பின் அதை எண்ணிப் பெருமைப்பட்டால் அத்தவமும் நழுவிவிடும். எடைக்காக நோற்ற அன்று நாம் உணவைத் துறந்தோம், ஆசையைத் துறக்கவில்லை. ஓர் ஆசையின் இடத்தில் மற்றோர் ஆசையை அமர்த்தினோம், அவ்வளவே.

இதைப் பேத்தியிடம் மறைக்காமல் கூறினோம். உபவாசம் இருக்க விரும்பினால் அறத்திற்காக இருக்கலாம், எடைக்காக வேண்டாம் என்றோம். அவள் உடனே மாறிவிடவில்லை. ஆயினும் இப்போது காலையில் நம்மோடு அமர்ந்து இரண்டு இட்டிலி உண்கிறாள். மாலையில் நம்மோடு நடக்கிறாள். எடைக்கருவியை அலமாரிக்குள் வைத்து, மாதம் ஒருநாள் மட்டும் எடுக்கிறோம்.

சென்ற ஆண்டு பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளை வணங்கச் சென்றபோது, படிகளில் ஐந்து இடங்களில் அமர்ந்து மூச்சு வாங்கினோம். இவ்வாண்டு மூன்றே இடங்களில் அமர்ந்தோம். எடையில் குறைந்தது இரண்டு கிலோ கூட இல்லை. இவ்வுடல் அறம் செய்வதற்கு வாய்த்த கருவி என்பர் பெரியோர். கருவியை அதன் பயனால் அளப்பதே முறை அன்றோ? அன்பர்கள் சிந்திப்பார்களாக.