உளியும் உள்ளமும்

தவறு என்பது தழுவிக்கொள்ளத் தக்கதா, அஞ்சி விலக்கத் தக்கதா? இவ்வினாவை ஏட்டறிவால் மட்டுமன்றிக் கைத்தொழிலின் வழியாகவும் ஆராயலாம். பணி ஓய்வு பெற்றோரும், நாள் முழுதும் கணிப்பொறியின் முன் அமர்ந்து உழைக்கும் இளைஞரும் ஓய்வு நேரத்தில் தச்சு வேலை பயில இக்காலத்தில் விழைகின்றனர். அவ்வாறு வருவோர்க்கு முதலில் கூறப்படும் அறிவுரை, "தவறு செய்ய அஞ்ச வேண்டா; தவறுகளை மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பதாகும். கேட்பதற்கு இனிய அறிவுரைதான். ஆயினும், ஓரறிவுயிர்க்கும் ஊறு செய்யலாகாது எனக் கருதும் மரபில் வந்த நாம் இதனை அப்படியே ஏற்க இயலுமா? பிழையாக அறுக்கப்பட்ட பலகை வெறும் பொருளன்று. ஒரு காலத்தில் உயிர் தங்கியிருந்த உடல். அது வீணாகும்போது இழப்பு நமக்கு மட்டும் உரியதன்று.

கைத்தொழிலை நம் சமயம் இழித்துரைக்கவில்லை. விருஷப தேவர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் சிற்பமும் ஒன்று என ஜினசேனரின் ஆதிபுராணம் கூறும். அதே வேளையில், இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய தொழில்கள் எனச் சிராவகாசார நூல்கள் சில 15 தொழில்களை எண்ணுகின்றன. காட்டு மரங்களை வெட்டி விற்பதும், அரக்கு வாணிகமும் அவற்றுள் அடங்கும். ஆகவே, தொழில் பழிக்கப்படவில்லை. அதனுள் மறைந்திருக்கும் இம்சையே எண்ணிப் பார்க்கப்பட்டது.

இல்லறத்தார் செய்யும் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பகுப்பர். பிழைப்பின் பொருட்டு உளி பிடிக்கும் தச்சருக்கு நேர்வது உத்தியோகி இம்சை. பொழுதுபோக்கிற்காக உளி பிடிக்கும் நமக்கு அந்தச் சமாதானம் இல்லை. பயனின்றிச் செய்யும் தீங்கினை விலக்குவதே அநர்த்ததண்ட விரதம். அங்ஙனமாயின் பொழுதுபோக்குத் தச்சு இவ்விரதத்திற்கு முரணாகுமோ என்னும் ஐயம் நேர்மையானது. கண்காட்சிக்காகப் புதுத் தேக்கினை வாங்கி அறுத்துக் குவிப்பது முரணே என்று கூறலாம். பழங்கதவின் பலகையைக் கொண்டு சாமாயிகத்திற்கு ஒரு மணையோ, சுவாத்தியாயத்திற்கு நூல் வைக்கும் ஒரு தாங்கியோ செய்வது பயனில் செயல் ஆகாது. வீசி எறியப்பட இருந்த மரம் மீண்டும் பயன் பெறுகிறது. செய்பவரின் மனமும் ஒருமுகப்படுகிறது.

அப்போதும் கவனம் வேண்டும். பழைய மரத்தில் வாள் வைக்குமுன் செல்லும் எறும்பும் உள்ளனவா என வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையை விலக்கிச் செயற்கைப் பசையைப் பயன்படுத்தலாம். அரக்குப் பூச்சு சிற்றுயிர்களிடமிருந்து கிடைப்பது. அதற்கு மாற்றாக ஆளி விதை எண்ணெயைத் துணியால் தேய்க்கலாம்.

இனித் தவற்றிற்கு வருவோம். நாம் நாள்தோறும் ஒன்றைப் பாராட்டுகையில் "பிரமாதம்" என்கிறோம். நம் சாத்திரங்களிலோ பிரமாதம் என்பது கவனமின்மையைக் குறிக்கும். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை என்னும் கருத்தை வைக்கிறார். தீங்கின் வேர் கையிலன்று, கவனம் தவறிய உள்ளத்தில் இருக்கிறது என்பது இதன் தெளிவு.

இவ்வளவுகோலைத் தச்சுக்குப் பொருத்திப் பார்ப்போம். மரம் நீளவாக்கில் மிகச் சிறிதளவே மாறும். அகலவாக்கில் ஈரத்தால் விரியும், வெயிலால் சுருங்கும். ஐப்பசி மழையில் அலமாரிக் கதவு இறுகுவதும் பங்குனியில் தளர்வதும் இதனாலேயே. இதை அறியாத ஒருவர் அகன்ற பலகையின் இரு ஓரங்களையும் அசையாதபடி ஆணியடித்துவிட்டால், சில மாதங்களில் பலகை வெடிக்கக்கூடும். இது அறியாமையால் வந்த பிழை. அறிவு வந்தால் நீங்கும். மர இழையின் போக்கினை அறிந்திருந்தும் அவசரத்தால் எதிர்ப்போக்கில் இழைப்புளியைத் தள்ளி மேற்பரப்பைப் பிய்த்துவிடுவது பிரமாதம். முன்னதைப் பொறுமையோடு ஏற்கலாம். பின்னதையும் மகிழ்ந்து தழுவுவோமாயின், நம் சோம்பலைத் தழுவியவராவோம்.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று, எப்பொருளையும் பார்த்து எடுத்தலும் பார்த்து வைத்தலும் ஆகும். முனிவர் மயிற்பீலியால் மெல்ல நீக்கிவிட்டுப் பொருளை வைப்பார். உளியின் கூர்முனை எவர் பக்கம் இருக்கிறது எனப் பார்த்துக் கீழே வைக்கும் இல்லறத்தானும் அப்பயிற்சியின் சிறு கூற்றினைப் பெறுகிறான்.

ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. பின்லாந்து நாட்டில் யூனோ சிக்னேயஸ் என்பாரின் முயற்சியால் 1866-இல் கைத்தொழில் பள்ளிப் பாடமாயிற்று. சுவீடனில் நேஸ் என்னும் இடத்தில் ஓட்டோ சாலமன் ஆசிரியர்களுக்கு மரவேலை வழியே கல்வி புகட்டும் முறையைப் பயிற்றினார். எளிய பொருளில் தொடங்கிப் படிப்படியாக அரிய பொருளுக்குச் செல்வது அம்முறை. நம் நாட்டில் 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே நடுவில் நிறுத்தியது. பொருள் செய்வது மட்டும் இவர்கள் நோக்கமன்று. எழுத்துப் பாடத்தில் பிழையைக் காட்டுவது ஆசிரியரின் சிவப்பு மை. மாணவன் பிழைக்கு அஞ்சுவதைவிட அந்த மைக்கே மிகுதியும் அஞ்சுகிறான். மரவேலையிலோ அவனே மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கிறான். இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் கோணல் என அறிகிறான். மூலைமட்டம் ஏசுவதில்லை, புகழ்வதும் இல்லை. பிறர் வாயிலிருந்த திருத்தம் தன் கண்ணுக்கு இடம் மாறுகிறது.

பிழை தெரிந்த அந்த நொடியில் நான்கு கஷாயங்களும் எழுவதைக் காணலாம். உளியை வீசி எறியச் செய்வது வெகுளி. அறிந்தவரிடம் கேட்கவிடாமல் தடுப்பது செருக்கு. பசையில் மரத்தூளைக் குழைத்து, தளர்ந்த பொருத்தினை மூடி, மேலே எண்ணெய் பூசிப் பளபளக்கச் செய்வது மாயம். பசை உலருமுன்பே பொருளை முடித்துவிட விரும்புவது பற்று. இவற்றுள் மாயமே கொடியது. அழகுக்கு நேர்ந்த குறையை மறைத்தால் யாருக்கும் ஊறில்லை. முக்காலியின் காலில் உள்ள தளர்ச்சியை மறைத்தால், அதன்மேல் ஏறி நிற்கும் குழந்தையோ முதியவரோ விழுவர். நம் தவறு பிறர் உடலில் வந்து நிற்கும்.

இதற்கு நம் முன்னோர் வகுத்த வழி பிராயச்சித்தம். அதன் ஒன்பது வகைகளுள் முதலாவது ஆலோசனை. குற்றத்தைக் குருவிடம் மறைக்காது உரைத்தல். அடுத்தது பிரதிக்கிரமணம், செய்ததற்கு இரங்கி, விலகிய இடத்திலிருந்து நெறிக்கு மீளல். நான்காவது விவேகம், குற்றமுள்ளதைப் பிரித்து ஒதுக்கல். தளர்ந்த பொருத்தினை வாய்விட்டுச் சொல்லுதல், பிரித்துச் செப்பனிடுதல், இயலாதாயின் அதனை இருக்கையாக்காமல் ஒதுக்குதல் ஆகியன இம்மூன்றின் எளிய வடிவங்கள். குறுகலாக அறுபட்ட பலகை மீண்டும் நீளாது. செய்த வினை செய்ததே. அதனைச் சிறு பெட்டியின் மூடியாக்கலாம். இதனையே தவற்றை ஏற்றல் என்போம். தவற்றைக் கொண்டாடுதல் இதனினும் வேறு.

இவ்வளவு கண்டிப்பு இருந்தால் தொடங்கவே எவரும் துணியார் எனச் சிலர் கூறலாம். அச்சம் கொண்ட கை நடுங்கும். நடுங்கும் கை இன்னும் மிகுதியாக மரத்தை வீணாக்கும் என்பதும் உண்மை. அதனாலன்றோ நம் நெறி இல்லறத்தார்க்கு மகாவிரதத்தை முதல் நாளே விதிக்காமல், அணுவிரதமும் 11 படிகளும் வைத்தது! தச்சுப் பயில்வோரும் கழிவுத் துண்டுகளில் கோடு போட்டு அறுத்துப் பழகட்டும். கோட்டின் வெளிப்புறத்தில் அறுத்தால் மிகுதியை இழைத்துச் சரி செய்யலாம். உட்புறம் அறுத்தால் ஒட்ட வைக்க வழியில்லை. சொல்லிலும் செயலிலும் இந்தச் சிறு இடைவெளியை விட்டு வைப்பது நற்பழக்கம்.

நம் இல்லத்துப் பிள்ளை கோணிய முக்காலி ஒன்றைக் கொண்டு வந்து நிறுத்தினால், "பிரமாதம்" என்று பொய்யாகப் புகழவும் வேண்டா. மரத்தைக் கெடுத்தாய் என்று கடியவும் வேண்டா. "எங்கே பிசகியது என்று நீயே பார், கண்ணே" எனக் கூறி மூலைமட்டத்தை அதன் கையில் கொடுப்போம். பிள்ளை பார்த்து முடிக்கும்வரை அருகில் அமர்ந்திருப்போம்.